பதிதர் பள்ளிக்கூடம்

ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி செத்துப்போன வருஷம். சூசையப்பர்பட்டியில் வண்டிக்காரச் சந்தியாகு வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, சண்டை மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. நிலத்துக்காகவோ நகைக்காகவோ வந்த சண்டை இல்லை அது. மகள் மதலேனாள் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள், அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. ஊரில் மற்றப் பெண்பிள்ளைகள் அவ்வளவு தூரம்கூட வந்ததில்லை. ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்து, வெள்ளை முக்காடு போட்டு, பூசையில் முதல் அப்பமான புதுநன்மை வாங்கியதும் களையெடுக்கப் போய்விடுவார்கள். இவளும் அப்படிப் போயிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அவளைப் படிக்கவைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அம்மாக்காரி சவரியம்மாள்தான். அதற்குக் காரணம் இருந்தது. மதலேனாளுக்குப் பின்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் செத்தே பிறந்தன. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண்களால் மாதாவைக் கூப்பிட முடிந்ததே தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. சந்தியாகு கம்பத்திலிருந்து குமுளிக்குப் பார வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருத்தி, பிள்ளை குறுக்கே கிடந்து அல்லாடியபோது அவன் வண்டியில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ராஜமணி என்று ஒரு நர்ஸம்மா, நம்மைப் போலக் கறுப்பாக, நம்மைப் போலத் தமிழ் பேசிக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்துவிட்டாள். சந்தியாகு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான்.

"நம்ம மதலேனும் அப்பிடிப் படிக்கணுங்க" என்றாள் சவரியம்மாள்.

"படிக்கட்டும். ஆரு வேணாம்னா?" என்றான் சந்தியாகு. "அந்த நர்ஸம்மா மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவுகளாம். கம்பத்துல அதே மாதிரி ஒண்ணு இருக்கு. தங்கிப் படிக்கலாம்."

"ஐயோ, பதிதர் பள்ளிக்கூடமா?"

மாதாவைக் கும்பிடாத, ரோமாபுரிப் பாப்புவை ஏற்காத கிறிஸ்தவர்களுக்கு அந்தக் காலத்தில் நம் கோயில்களில் வைத்திருந்த பேர் பதிதர். வழிதவறி விழுந்தவர்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் சாமியார் சிரித்துக்கொண்டு போவார். பதிதர் கோயில் வாசலில் நின்று பாட்டுக் கேட்டால் மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் அதைப் பாவமென்று சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். தூரத்தில் இருக்கிறவனைவிடப் பங்காளிமேல்தானே கோபம் அதிகம் வரும்.

பங்குச்சாமியார் நல்ல மனிதர். மதலேனாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான், புதுநன்மை கொடுத்ததும் அவர்தான். மதுரையில் கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவரே கேட்டுப் பார்த்தார். இந்த வருஷம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "போர்டு பள்ளிக்கூடத்தில் வேண்டுமானால் விடு. அங்கே வேதமே கிடையாது, அதனால் வேதத்தைக் கெடுக்கவும் மாட்டார்கள்" என்றார்.

போர்டு பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். கம்பத்தில் ஜில்லா போர்டு நடத்தியது. முழுக்கப் பையன்கள். வாத்தியார் தன் மேஜைக்குப் பக்கத்தில் தனிப் பாய் போட்டு மதலேனாளை உட்காரவைத்தார். காலையில் எல்லாரும் சரஸ்வதி பாட்டுப் பாடும்போது இவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சுவரில் யாரோ கரியால் இவள் பேரையும் ஒரு பையன் பேரையும் சேர்த்து எழுதினார்கள். அழித்தால் மறுநாள் வேறொரு பையன் பேர் வந்தது. கடைசியில் வாத்தியாரே சந்தியாகுவைக் கூப்பிட்டு, "கெட்டிக்காரப் பிள்ளைதான், நான் குத்தம் சொல்லலை. ஆனா ஒத்தப் பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் பாடம் நடத்துவனா, காவல் காப்பனா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பிறகு வீட்டுப் படிப்பு. இது சவரியம்மாளின் யோசனை. கண்ணுக்கு முன்னால் இருப்பாள், ஆத்துமமும் கெடாது என்று நினைத்தாள். சந்தியாகு வண்டி ஓட்டாத நாட்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் மூட்டைக் கணக்குதான். வாசிப்பதற்கு வீட்டில் இருந்தவை ஒரு செபப் புத்தகமும் அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் சரித்திரமும். இரண்டையும் மதலேனாள் அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படித்து முடித்து, பிறகு மளிகைக் கடைப் பொட்டலக் காகிதங்களைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். வீட்டில் இருக்கிற பெண்பிள்ளையைச் சும்மா விடுவார்களா? "அந்தப் பானைய எறக்கிட்டுப் படிடீ", "ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டுப் படிடீ" என்று சொல்லிச் சொல்லி, படிப்பு போன இடம் தெரியவில்லை. சொன்னது வேறு யாருமில்லை, அவளைப் படிக்கவைக்க ஆசைப்பட்ட சவரியம்மாளேதான்.

ஒருநாள் கூழ் அடிப்பிடித்த வாடை வந்து சவரியம்மாள் ஓடிவந்து பார்த்தாள். மதலேனாள் ஒரு கையில் கூழ் கிண்டுகிற துடுப்போடு, ஏற்கெனவே எத்தனையோ முறை படித்த அர்ச்சிஷ்டவர் கதையை மறுபடி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கூழ் கருகியதற்காக அம்மாவிடம் அடி விழும் என்று பயந்து புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.  படிக்கிறதுக்கு என் பிள்ளை எனக்கே பயப்படும்படி ஆகிவிட்டதே என்று நினைத்துச் சவரியம்மாள் அழுதாள். அன்றைக்குச் சந்தியாகு வந்ததும், "அந்த மிஷன் பள்ளிக்கூடத்துலயே கொண்டுபோய் விட்ருங்க" என்றாள்.

"சாமியார் சும்மா விடமாட்டாகளே?"

"நான் கேட்டுக்கிறேன் அவுகள்ட்ட" என்றாள். என்ன கேட்பாள், அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்கே தெரியாது.

அந்தப் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரைசானி மதலேனாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அன்றைக்கே சேர்த்துக்கொண்டாள். மறுவாரமே சாமியார் நேரில் வீட்டுக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் சவரியம்மாளுக்குச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, கண் கலங்கப் பேசினார். "அந்தக் குழந்தையை நான் தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தேன் அம்மா. நாளைக்கு ஆண்டவர் என்னிடம் கணக்குக் கேட்பார். சட்டம் நான் போட்டதில்லை. பிள்ளையைப் பதிதரிடம் விட்ட தாய் தகப்பனுக்குப் பாவமன்னிப்பு கிடையாது, நன்மை கிடையாது. கூட்டிக்கொண்டு வருகிறவரைக்கும் கிடையாது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலும் பேர் சொல்லாமல் இதையே சொன்னார். பேர் சொல்லத் தேவையும் இல்லை, முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு பூசையில் எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது சவரியம்மாள் கடைசித் தூணோடு ஒட்டிக்கொண்டு முழந்தாளில் கிடப்பாள். அவளைத் தாண்டிப் போகிற பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொள்வார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று மறுவருஷம் ஆடி மாதத்தில் வந்தது. பல வருஷத்துக்குப் பின் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

மற்ற வீட்டில் இது சந்தோஷச் செய்தி. சவரியம்மாளுக்கோ அது சாவுச் செய்தி மாதிரி இருந்தது. பிரசவத்தில் செத்தால்? பாவம் சொல்லாமல், சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் இல்லாமல், சாவான பாவத்தோடு செத்தால் நேரே நரகம்தான். இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல அதையும் நம்பினாள். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேகூட விடமாட்டார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்துப் பிறந்த அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் வேலிக்கு வெளியேதான் புதைத்திருந்தது. "நானும் அங்கனதான் போவேன்போல" என்று ஒருநாள் சந்தியாகுவிடம் சொன்னாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல எழுந்து போய்விட்டான்.

மதலேனாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று எத்தனையோ தடவை முக்காடு போட்டுக் கிளம்பினாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கருகிய கூழ் வாடை நினைவுக்கு வந்து, முக்காட்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

பங்குனியில், வெயில் ஏறிய ஒரு முற்பகலில் வலி எடுத்தது. பக்கத்துக் காலனியிலிருந்து மருத்துவச்சி சந்தனம்மாள் வந்தாள். சீக்கிரத்திலேயே அவள் முகம் மாறிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை, பிள்ளை இறங்கவில்லை. "ஒங்க சாமியாரக் கூப்புட்டுக்கங்கப்பா" என்று அவளே சந்தியாகுவிடம் சொல்லிவிட்டாள். சாமியார் குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். சவரியம்மாளின் தலை சந்தியாகுவின் மடியில் இருந்தது. அவளுக்கு எல்லாம் எங்கோ ஆழத்தில் நடப்பதுபோலக் கேட்டது.

"சவரியம்மா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாக ஒத்துக்கொள்கிறாயா? பேச முடியாவிட்டால் தலையையாவது ஆட்டு. உடனே மன்னிப்புக் கொடுக்கிறேன்."

அவளுக்கு அதற்கு மேல் எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அவஸ்தை பூசியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆண்பிள்ளை ஒன்று, உயிரோடு, வீல்வீலென்று கத்திக்கொண்டிருந்தது. அவளும் சாகவில்லை. "நீ தலையாட்டிட்ட புள்ள, சாமியார் எல்லாம் குடுத்துட்டாக" என்று சந்தியாகு சொன்னான், அழுதுகொண்டே சிரித்தான். நான் ஒத்துக்கொண்டேனா என்று சவரியம்மாள் யோசித்தாள். இருக்கும், பயத்தில் ஆட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சின்மேல் கிடந்த பாறாங்கல் இறங்கியதுபோல இருந்தது. அடுத்த நிமிஷமே மதலேனாள் முகம் கண்ணில் வந்தது. சாமியார் பெருந்தன்மையாக, அவள் தேறி எழுகிறவரைக்கும் அவகாசம் கொடுத்திருந்தார். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிந்து முதல்முதலாகக் கோயிலுக்குள் நுழைகிற நாளில் மதலேனாளும் கூட வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற சந்தனம்மாளுக்கு வாய் ஓயாது. ஒருநாள் காலை நீட்டி அதில் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஒம் புருசன மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல தாயி. ஒனக்காகச் சாமியாரையே ஏச்சுப்புட்டானே" என்று சிரித்தாள்.

"என்னக்கா சொல்ற?"

"நீ எங்க தலையாட்டுன? ஒனக்குக் கண்ணே செருகிப்போச்சு. ஒம் புருசன்தான் மடியில இருந்த தலைய ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டிவிட்டான். நான் எதுக்கால இருந்து பாத்தேன். சாமியாரு குனிஞ்சு எண்ணெய எடுத்துக்கிட்டிருந்தாரு, அவருக்குத் தல ஆடுனதுதான் தெரிஞ்சது, கையி தெரியல." பிறகு சவரியம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏந்தாயி, நல்லதுதான செஞ்சான்?" என்றாள்.

 சந்தனம்மாளுக்கு அது ஒரு சின்னக் கெட்டிக்காரத்தனம். சவரியம்மாளுக்கோ காலடி மண்ணே சரிந்துவிட்டது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த மன்னிப்பும் அவளுக்குச் சேரவில்லை. பூசிய எண்ணெய் வெறும் எண்ணெய்தான். அன்றைக்குச் செத்திருந்தால் மன்னிப்புப் பெற்றவளென்று ஊரே நினைத்திருக்கும், அவள் மட்டும் நரகத்தில் கிடந்திருப்பாள்.

சாயங்காலம் சந்தியாகு வந்ததும் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"நீ வேலிக்கு அங்கிட்டுக் கெடக்குறத என்னால நெனச்சுப் பாக்க முடியல புள்ள" என்றான். "எனக்கு வேற ஒண்ணும் தோணல. கை தானா ஆட்டிருச்சு."

"நீங்க ஆட்டுனா எனக்கு எப்பிடிங்க சேரும்?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? இப்ப நீ மனசார ஒத்துக்க. புள்ளையக் கூட்டியாந்துருவோம். பொய்யி மெய்யாயிரும்ல?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளைச் சித்திரவதை செய்தது. ஒத்துக்கொண்டால் அவள் ஆத்துமம் பிழைக்கும், புருஷன் செய்த பொய்யும் மூடிப்போகும். மதலேனாள் மட்டும் துடுப்புப் பிடிப்பாள். இவ்வளவுதான் கணக்கு.

பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போனாள். கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். மதலேனாள் எதிரே ஓடிவந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். இரண்டு முழம் வளர்ந்ததுபோல இருந்தாள். துரைசானி சுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றாள். தம்பியின் தொப்புளைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இதுல சாணிச் சாம்பலா போட்டிருக்க? அதெல்லாம் வைக்கக்கூடாது, சீழ் பிடிச்சுரும்" என்று அதட்டினாள். சவரியம்மாளுக்குச் சிரிப்பும் பெருமையும் பொங்கிக்கொண்டு வந்தன.

பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். மதலேனாளும் மூடினாள். நெற்றியில் சிலுவை போடவில்லை. கழுத்தில் மாதா படம் பொறித்த சுரூபமும் இல்லை. செபம் முடிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்புகூட அவளுக்கு இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஆக, சாமியார் சொன்னதும் பொய்யில்லை. சவரியம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். மகள் கையலம்பிவிட்டு வந்து, "ஏனாத்தா அழுற, வயிறு வலிக்குதா?" என்று கேட்டாள். "ஆமா, லேசா வலிக்குது" என்றாள். "உனக்கு இங்கன புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். "ஏனாத்தா, என்னையக் கூட்டிட்டுப் போக வந்தியா?" என்று மதலேனாள் கேட்டாள். கூழ் கருகிய அன்றைக்கு வந்த அதே பயம் முகத்தில் வந்தது. சவரியம்மாள் தன் கழுத்திலிருந்த சுரூபத்தைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டாள். "ராத்திரி படுக்கப்போற முன்ன மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரமாச்சும் சொல்லு. எனக்காவச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

 மதலேனாள் இல்லாமல் வீட்டுக்கு வந்ததைப் பார்த்ததும் சந்தியாகுவுக்குப் புரிந்துவிட்டது. "சாமியார்ட்ட எதுவும் சொல்லிராத. இப்போதைக்கு மதலேனுக்குச் சுரம்னு சொல்லுவோம், அப்புறமாக் கூட்டியாரோம்னு சொல்லுவோம்" என்று அன்று முழுவதும் அவள் பின்னாலேயே சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளை பெற்றவள் கோயிலுக்குள் தானாக நுழையக்கூடாது. வாசலுக்கு வெளியே எரிகிற மெழுகுதிரியோடு முழந்தாளில் நிற்கவேண்டும். சாமியார் உள்ளிருந்து வந்து, தீர்த்தம் தெளித்து, தன் கழுத்தில் தொங்குகிற வெள்ளைப் பட்டையின் முனையை அவள் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார். சவரியம்மாள் மடியில் குழந்தையும் கையில் மெழுகுதிரியுமாக வாசலில் இருந்தாள். உள்ளே ஊரே கூடியிருந்தது. சாமியார் சிரித்த முகத்தோடு வந்தார், தீர்த்தம் தெளித்தார், பட்டையை எடுத்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"மதலேன் எங்கே அம்மா?"

"கம்பத்துல இருக்கா சாமி."

"எப்போது வருகிறாள்?"

"அவ வரல சாமி. நான் கூப்புடல."

சாமியார் பட்டையைப் பிடித்தபடியே குனிந்தார். "எனக்கு வாக்குக் கொடுத்தாயே. சாகப்போகிற நேரத்தில் கொடுத்தாயே."

பின்னால் சந்தியாகு இருமினான். சவரியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் தலையாட்டல சாமி."

உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. சந்தியாகு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து, அவளுக்குப் பக்கத்தில் முழந்தாள் போட்டான்.

"நான்தான் சாமி ஆட்டிவிட்டேன். அவளுக்கு நெனவு இல்ல."

  சாமியார் நீட்டிய பட்டையைத் திரும்ப எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பேசியபோது கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"சவரியம்மா, அப்படியானால் அன்றைக்கு நான் கொடுத்த மன்னிப்பு உனக்குச் சேரவில்லை. புரிகிறதா?"

"புரியுது சாமி."

"இந்த நிமிஷம் உயிர் போனால் எங்கே போவாய் என்று தெரியுமா?"

"தெரியும் சாமி. ரொம்பப் பயமாத்தான் இருக்கு." என்றாள் அவள். "அவ நர்ஸுக்குப் படிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் சாகாமப் பாத்துக்கிறேன். முடிஞ்ச அன்னைக்கே வந்து ஒங்க காலுல விழுகுறேன்."

 சாமியார் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பூசை தொடங்கியது. சவரியம்மாளும் சந்தியாகுவும் வாசற்படிக்கு வெளியே முழந்தாளில் இருந்தே பூசை கண்டார்கள். நடுவில் குழந்தை பசித்து அழுதது. அவள் மெழுகுதிரியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே பால் கொடுத்தாள்.